கேள்வி–பதில்: மாணவர் திட்டப்பணியில் குழு உழைப்பும் நேரமும்

மென்பொருள் பொறியியல் பாடத்தின் பகுதியாகக் குழுவாகத் திட்டப்பணி செய்யும் மாணவர்களிடமிருந்தும், அவர்களை வழிநடத்தும் ஆசிரியர்களிடமிருந்தும் வந்த கடிதங்களுக்கு இம்முறை விடையளிக்கிறோம். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, எங்கள் குழுவில் ஐந்து பேர் இருக்கிறோம். நானும் இன்னொருவரும்தான் வேலை செய்கிறோம். மற்ற மூவரும் கூட்டத்துக்கு வருவார்கள், தலையாட்டுவார்கள், போய்விடுவார்கள். மதிப்பெண் மட்டும் ஐவருக்கும் ஒன்றே. ஆசிரியரிடம் சொன்னால் காட்டிக்கொடுத்தவள் என்ற பெயர் வரும். என்ன செய்வது? – இறுதியாண்டு மாணவி

பதில்: உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ‘வேலை செய்யாதவர்’ என்று நீங்கள் சொல்லும் மூவரும் ஒரே வகையினராக இருக்க வேண்டியதில்லை. செய்ய மனமில்லாதவர் ஒருவர் இருக்கலாம். செய்யத் தெரியாமல், தெரியவில்லை என்று சொல்லவும் கூசி ஒதுங்கி நிற்பவர் இன்னொருவராக இருக்கலாம். தொடக்கத்தில் ஆர்வத்தோடு வந்தும், தமக்கென்று ஒதுக்கப்பட்ட பகுதியைக் குழுவிலேயே வேகமான ஒருவர் இரவோடு இரவாக எழுதி முடித்துவிட்டதால் செய்ய ஒன்றுமில்லாமல் போனவரும் இருக்கலாம். இந்த மூன்றாம் வகையினர் பலரும் நினைப்பதைவிட அதிகம் என்பது என் கருத்து. இத்தகைய கடிதங்களை எழுதுபவர்களுள் சிலர் அந்த வேகமானவர்களாகவே இருப்பதையும் சொல்லாமல் விட முடியவில்லை.

செய்ய மனமில்லாதவரைப் பற்றிய ஆய்வு மிகப் பழையது. பிரெஞ்சு வேளாண் பொறியியலாளர் மாக்ஸ் ரிங்கல்மான் கயிறு இழுக்கும் சோதனைகளின் முடிவுகளை 1913-இல் வெளியிட்டார். ஆட்கள் கூடக் கூட மொத்த விசை கூடியது. ஆனால் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் விசை குறைந்துகொண்டே போனது. எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்காததும் இதற்கு ஒரு காரணம்தான். எனினும் 1979-இல் லத்தானே, வில்லியம்ஸ், ஹார்கின்ஸ் ஆகிய உளவியலாளர்கள் மூவரும் கைதட்டச் சொல்லியும் கத்தச் சொல்லியும் நடத்திய சோதனைகளில், பிறரோடு சேர்ந்து கத்துவதாக நம்ப வைத்தாலே போதும், ஒருவருடைய குரலின் அளவு குறைந்துவிடுவதைக் கண்டார்கள். உங்களுக்குப் பயன்படக்கூடியது அவர்கள் 1981-இல் கண்டறிந்தது: கூட்டத்தில் கத்தினாலும் அவரவர் குரல் தனித்தனியே அளக்கப்படுகிறது என்று சொன்னதும் அந்தத் தளர்ச்சி மறைந்துவிட்டது.

ஆகவே, ‘பயனர் பகுதி உன்னுடையது, தரவுத்தளம் அவருடையது’ என்ற பரந்த பிரிவினையைக் கைவிடுங்கள். ‘கடவுச்சொல்லை மறந்தவருக்கு மின்னஞ்சல் அனுப்பும் வசதியும் அதற்கான சோதனையும், வரும் வியாழனுக்குள்’ என்ற அளவில் வேலையை வெட்டுங்கள். மூன்று நான்கு மணி நேரத்தில் முடிகிற துண்டாக அது இருக்கட்டும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே ஒரு பெயர், அனைவரும் பார்க்கும் ஒரே பட்டியல், உரியவரைக் கேட்காமல் அவருடைய துண்டை எவரும் எடுத்துச் செய்யக்கூடாது என்ற ஒப்பந்தம் ஆகியவை இருந்தால், தெரியாமல் ஒதுங்கியவர் உதவி கேட்க ஓர் இடம் கிடைக்கும். இடம் பறிபோனவருக்கு அது திரும்பக் கிடைக்கும். இவ்வளவுக்கும் பிறகு ஒருவருடைய துண்டுகள் இரண்டு வாரம் தொடர்ந்து முடியாமல் கிடந்தால், அந்தப் பட்டியலோடு ஆசிரியரைப் பாருங்கள். மூன்றாவது வாரத்தில் பட்டியலைக் காட்டி ‘இதை எப்படி மாற்றிப் பிரிக்கலாம்’ என்று கேட்பது ஆலோசனை. அதையே கடைசி வாரத்தில் சொன்னால்தான் அது புகாராகிவிடுகிறது.

கேள்வி: நான்கு வாரத்தில் முடியும் என்று மதிப்பிட்டோம். எட்டாவது வாரம் நடக்கிறது, இன்னும் பாதிதான் முடிந்திருக்கிறது. எல்லோரும் உழைக்கிறோம். எங்கள் கணக்கு எங்கே தவறியது? – மூன்றாம் ஆண்டு மாணவர்

பதில்: உங்கள் கணக்கில் மட்டும் தவறு என்று எண்ண வேண்டாம். இதே செயல் தனக்கு முன்பு எவ்வளவு காலம் எடுத்தது என்பதை அறிந்திருந்தும், இம்முறை விரைவில் முடியும் என்று நம்பும் மனப்போக்கை உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எடுத்துக்காட்டினார்கள். ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் ஆகியோர் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம் அது எப்போது முடியும் என்று கேட்டார்கள். மாணவர்கள் சொன்ன சராசரி 33.9 நாள்; உண்மையில் எடுத்துக்கொண்ட சராசரி 55.5 நாள். சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் பத்தில் மூவர் அளவே. எல்லாமே மோசமாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று தனியாகக் கேட்டபோது சொன்ன 48.6 நாளைக்கூட உண்மை தாண்டிச் சென்றது. மோசமான நிலையைக் கற்பனை செய்யச் சொன்னாலும் மனம் போதிய அளவு மோசமாகக் கற்பனை செய்வதில்லை.

மென்பொருளில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. நான்கு வாரம் என்று நீங்கள் சொன்னபோது உங்கள் மனத்தில் இருந்தது பெரும்பாலும் நிரல் எழுதும் நேரம் மட்டுமே. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓ.எஸ்.360 இயங்குதள உருவாக்கத்தை வழிநடத்திய பிரெட் புரூக்ஸ், 1975-இல் எழுதியபோது தம் அனுபவத்திலிருந்து ஒரு பங்கீட்டைத் தந்தார்: திட்டமிடலுக்கு மூன்றில் ஒரு பங்கு, நிரல் எழுதுவதற்கு ஆறில் ஒரு பங்கு, தனித்தனிப் பகுதிகளின் சோதனைக்குக் கால் பங்கு, அனைத்தையும் இணைத்தபின் நடக்கும் சோதனைக்கு மற்றொரு கால் பங்கு. பன்னிரண்டு வாரப் பருவம் ஒன்றில் இதைப் பொருத்திப் பார்த்தால் நிரல் எழுத இரண்டு வாரம்தான். சோதனைக்கும் இணைப்புக்கும் ஆறு வாரம். மாணவர் திட்டப்பணி பெரிய நிறுவனத்தின் இயங்குதளம் அல்ல என்பது உண்மைதான். ஆனாலும் நிரல் முடிந்தால் வேலை முடிந்தது என்று எண்ணுகிற ஒருவர், வேலையின் மிகச் சிறிய பங்கை அளந்துவிட்டு அதை முழு வேலை என்று சொல்கிறார்.

இனிமேல் மதிப்பிடும்போது, ‘இதற்கு எவ்வளவு நேரம் ஆகும்’ என்ற கேள்வியிலிருந்து தொடங்காதீர்கள். ‘இதைப் போன்ற ஒன்றைச் சென்ற முறை செய்தபோது எவ்வளவு ஆனது’ என்பதிலிருந்து தொடங்குங்கள். மேலே சொன்ன ஆய்வாளர்களே இன்னொரு சோதனையில், பழைய அனுபவத்தை நினைவுகூர்வது மட்டும் போதாது, அதைக் கையிலுள்ள வேலையோடு இணைத்துப் பார்க்கச் செய்தால்தான் மிகை நம்பிக்கை குறைகிறது என்றும் கண்டார்கள். முதல் இரண்டு வாரத்துத் துண்டுகளுக்கு நீங்கள் சொன்ன நேரத்தையும் உண்மையில் ஆன நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் குழு இருமடங்கு எடுத்துக்கொள்ளும் குழு என்றால், அந்த இருமடங்கை மிச்ச வேலைக்கும் கூச்சமின்றிப் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக்கொண்டோம். ஐந்தும் தனித்தனியே நன்றாக ஓடின. கடைசி வாரத்தில் இணைத்தோம், எதுவுமே ஓடவில்லை. யார்மீது தவறு என்று இன்றுவரை சண்டை நடக்கிறது. – ஒரு குழுவின் சார்பில் வந்த கடிதம்

பதில்: எவர்மீதும் தவறு இல்லாமல் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். இந்த இதழுக்கு வந்த கடிதங்களில், ஆட்களைப் பற்றிய குறைபோல எழுதப்பட்டவற்றுள் பாதிக்கு மேல் உண்மையில் இணைப்பைக் கடைசிக்குத் தள்ளும் இந்த ஒரு குறையிலிருந்தே பிறந்தவை என்று நினைக்கிறேன்.

என்ன நடக்கிறது என்று பாருங்கள். நூலகத்தில் புத்தகம் இரவல் கொடுக்கும் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். திரும்பத் தர வேண்டிய நாளைச் சேவையகப் பகுதியை எழுதியவர், 1970 ஜனவரி 1 முதல் கடந்த வினாடிகளின் எண்ணிக்கையாக அனுப்புகிறார்; யூனிக்ஸ் இயங்குதளத்தின் மரபு அதுவே. திரைப் பகுதியை ஜாவாஸ்கிரிப்டில் எழுதியவர் அந்த எண்ணை மில்லிவினாடி என்று எடுத்துக்கொள்கிறார். அந்த மொழியின் மரபு அதுவே. சேவையகம் அனுப்பிய 1,700,000,000 என்ற எண் 2023 நவம்பரைக் குறிக்கிறது. திரையிலோ 1970 ஜனவரி 20 என்று வருகிறது. ஊரிலுள்ள அத்தனை புத்தகங்களும் அரை நூற்றாண்டாகத் திரும்பி வரவில்லை என்று செயலி எச்சரிக்கை அனுப்பத் தொடங்கும். இருவருடைய சோதனைகளும் முழுமையாக வெற்றி பெற்றவை. இருவருமே சரியாகத்தான் எழுதினார்கள். தவறு இருவருக்கும் இடையில் இருந்தது, அந்த இடம் எவருடைய பெயரிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஐந்து பகுதிகள் என்றால் இத்தகைய இடைவெளிகள் பத்து வரை இருக்கலாம். அத்தனையும் கடைசி வாரத்தில் ஒரே நாளில் வெளிப்படும்போது, எந்தப் பிழை எதனால் வந்தது என்று பிரித்தறியவே நாள்கள் போய்விடும்.

ஓர் அமைப்பு உருவாக்கும் வடிவமைப்பு, அந்த அமைப்புக்குள் யார் யாரோடு பேசிக்கொள்கிறார்கள் என்பதன் நகலாகவே அமையும் என்று கணினி அறிவியலாளர் மெல்வின் கான்வே 1968-இல் எழுதினார். ஐந்து பேரும் தனித்தனி அறையில் உட்கார்ந்து எழுதினால் தனித்தனியான ஐந்து மென்பொருள்கள் பிறக்கும் என்பதே இதன் பொருள்.

மருந்து, இணைப்பை முதல் வாரங்களுக்கு இழுத்து வருவதுதான். இரண்டாவது வாரத்தின் முடிவில், திரையில் ஒரு பொத்தானை அழுத்தினால் அது சேவையகத்துக்குப் போய், தரவுத்தளத்தில் ஒரு வரியை எழுதி, அதே வரியைத் திரும்பக் கொண்டுவந்து காட்டும் அளவுக்காவது முழுப் பாதையும் ஓட வேண்டும். அழகு வேண்டாம், வசதிகள் வேண்டாம். பாதை மட்டும் போதும். அதன்பின் எழுதப்படும் ஒவ்வொரு துண்டும் அந்த ஓடுகிற பாதையில் வாரம் இருமுறையாவது சேர்க்கப்படட்டும். சேர்த்தபின் பாதை ஓடவில்லை என்றால், ஓடும்வரை வேறு எதையும் எவரும் எழுதக்கூடாது. பகுதிகளுக்கிடையே என்னென்ன தரவு, எந்தப் பெயரில், எந்த அலகில் செல்கிறது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். அந்தப் பக்கத்தை மாற்றுபவர் அதன் இருபுறமும் இருப்பவர்களுக்குச் சொல்லிவிட்டே மாற்ற வேண்டும். முடிந்தால், பகுதிவாரியாகப் பிரிப்பதையே விட்டுவிட்டு வசதிவாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: ‘புத்தகத்தைத் தேடுதல்’ என்பது திரை முதல் தரவுத்தளம் வரை ஒருவருடையது, ‘இரவல் பதிதல்’ இன்னொருவருடையது. அனைவரும் எல்லா அடுக்குகளையும் கற்க வேண்டியிருப்பதால் தொடக்கம் மெதுவாகத்தான் இருக்கும். கற்பதற்குத்தானே இந்தப் பாடம்.

கேள்வி: வாரந்தோறும் எத்தனை மணி நேரம் உழைத்தோம் என்ற பதிவேட்டை ஒப்படைக்கச் சொல்கிறார்கள். உண்மையைச் சொன்னால், ஒப்படைக்கும் நாளன்று உட்கார்ந்து ஏதோ ஒரு எண்ணை நிரப்புகிறோம். இதனால் யாருக்கு என்ன பயன்? – இரண்டாம் ஆண்டு மாணவர்

பதில்: அப்படி நிரப்பினால் எவருக்கும் பயனில்லை. அன்றாடம் எழுதினால் உங்களுக்குப் பயன் உண்டு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனத்தில் பணியாற்றிய வாட்ஸ் ஹம்ஃப்ரி, தனி நிரலாளர் தம் வேலையைத் தாமே அளந்து திருத்திக்கொள்வதற்கான முறை ஒன்றை 1990-களில் வகுத்தார். அதன் அடிப்படை ஒரு சாதாரண நேரப் பதிவேடு: தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், இடையில் தடைப்பட்ட நிமிடங்கள், மீதமுள்ள உண்மையான நேரம், செய்த வேலையின் வகை. இதில் தடைப்பட்ட நிமிடங்களுக்கான கட்டத்தைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். இரவு ஏழு முதல் பத்து வரை மூன்று மணி நேரம் வேலை செய்ததாக நம்பும் ஒருவர், கைப்பேசிக்கும் அரட்டைக்கும் போன நிமிடங்களை நேர்மையாகக் கழித்த பிறகு மிஞ்சுவதைப் பார்த்துச் சற்று அதிர்ந்துபோவார்.

வேலையின் வகையையும் எழுதினால் இன்னொன்று தெரியும். பிழை தேடுவதிலும், மென்பொருளைக் கணினியில் நிறுவி ஓட வைப்பதிலும், அடுத்தவருடைய பதிலுக்காகக் காத்திருப்பதிலும் போகும் நேரம், நிரல் எழுதும் நேரத்தோடு போட்டியிடும் அளவில் இருக்கும். காத்திருப்பே மிகுதி என்றால் உழைப்பு போதவில்லை என்று ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டுவதில் பொருளில்லை. வேலைகள் ஒன்றையொன்று பார்த்து நிற்கும்படி பிரிக்கப்பட்டிருக்கின்றன என்பதே செய்தி.

ஆசிரியர்களுக்கும் இதில் ஒரு வேண்டுகோள் உண்டு. மணிக்கணக்குக்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள். கொடுத்த கணமே அந்த எண் பொய்யாகிவிடும். இரண்டு மணி நேரத்தில் முடித்த திறமைசாலி எட்டு என்று எழுதுவார், எட்டு மணி நேரம் தடுமாறியவர் வெட்கப்பட்டு நான்கு என்று எழுதுவார். பதிவேட்டிலிருந்து மாணவர் எதைக் கண்டுகொண்டார் என்று எழுதச் சொல்லி, அதற்கு மதிப்பெண் கொடுங்கள்.

கேள்வி: நிரலில் யார் எப்போது என்ன மாற்றினார் என்பதைச் சேமித்து வைக்கும் ‘கிட்’ கருவியில் உள்ள பதிவுகளின் எண்ணிக்கையைப் பார்த்துத் தனிநபர் பங்களிப்பைக் கணக்கிடலாமா? – ஓர் ஆசிரியை

பதில்: எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிட வேண்டாம். ஒரு வரியை ஐந்து முறை திருத்தினால் ஐந்து பதிவு. இரண்டு நாள் யோசித்து ஒரு பெரும் பிழையைத் தீர்த்தால் ஒரே பதிவு. பிறர் எழுதிய நிரல் தொகுப்பு ஒன்றின் கோப்புகளை அப்படியே கொண்டுவந்து போட்டவர் பல்லாயிரம் வரிகளை எழுதியவராகத் தெரிவார். இருவர் ஒரே கணினியில் உட்கார்ந்து எழுதியது பெரும்பாலும் ஒருவர் பெயரிலேயே பதியும். ஆனால் பதிவுகள் எந்த நாள்களில் விழுந்திருக்கின்றன என்பதைப் பாருங்கள். பருவம் முழுவதும் பரவியிருக்கின்றனவா, கடைசி மூன்று நாளில் குவிந்திருக்கின்றனவா என்பதை மறைப்பது கடினம். சந்தேகம் இருந்தால், ஒருவர் எழுதிய ஒரு பகுதியைத் திறந்துவைத்து, அது ஏன் அப்படி எழுதப்பட்டது என்று அவரையே கேளுங்கள். பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கேள்வி: மாணவர் எண்ணிக்கை கூடிவிட்டதால் நால்வர் குழுக்களை எண்மர் குழுக்களாக்கலாம் என்று எங்கள் துறையில் யோசிக்கிறார்கள். பெரிய குழு பெரிய வேலையைச் செய்யாதா? – ஓர் ஆசிரியர்

பதில்: நால்வருக்குள் இருவர் இருவராகப் பேசும் வழிகள் ஆறு. எண்மருக்குள் இருபத்தெட்டு. ஆள் இருமடங்காகும்போது பேச்சின் சுமை நான்கு மடங்கைத் தாண்டுகிறது. ஒவ்வொருவரும் வேறுவேறு வகுப்புகளுக்குப் போகிற மாணவர்களாக இருந்தால், எண்மருக்கும் பொருந்தும் ஒரு மணி நேரத்தைக் கண்டுபிடிப்பதே அந்த வாரத்தின் வேலையாகிவிடும். எண்மர் தவிர்க்க முடியாதது என்றால், ஒரே மென்பொருளின் இரண்டு பாதிகளை எடுத்துக்கொண்ட இரண்டு நால்வர் குழுக்களாக அமைத்து, இடையிலுள்ள ஒப்பந்தத்தைக் காக்கும் பொறுப்பை இரண்டு பேருக்குக் கொடுங்கள்.

கேள்வி: நிறுவனங்களில் நடப்பதுபோல நாங்களும் நாள்தோறும் 15 நிமிடக் கூட்டம் நடத்த வேண்டும் என்கிறார் குழுத் தலைவர். தேவைதானா? – முதல் திட்டப்பணி செய்யும் மாணவி

பதில்: அந்த வழக்கம் மென்பொருள் குழுக்கள் பின்பற்றும் ‘ஸ்க்ரம்’ என்னும் பணிமுறையிலிருந்து வந்தது, நாள் முழுவதும் ஒரே பணியில் இருப்பவர்களுக்காக வகுக்கப்பட்டது. வாரத்துக்கு ஆறு மணி நேரம் மட்டுமே இந்தப் பணிக்குத் தரக்கூடிய நீங்கள் வாரத்தில் ஐந்து நாள் அதை நடத்தினால், ஒன்றேகால் மணி நேரம், அதாவது உங்கள் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு, கூட்டத்துக்கே போகிறது. அதிலும் நேற்றுக்கும் இன்றுக்கும் இடையில் எவரும் எதையும் தொட்டிருக்காத நாள்கள் பல இருக்கும். வாரத்துக்கு இரண்டு முறை போதும். கூட்டங்களைக் குறைத்து மிச்சமாகும் நேரத்தில், அனைவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து அவரவர் வேலையைச் செய்யும் இரண்டு மணி நேரத்தை வாரந்தோறும் ஒதுக்குங்கள். எழுதிக் கேட்டால் ஒரு நாள் ஆகும் ஐயம், பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் தீரும்.

கேள்வி: ஒப்படைக்க மூன்று வாரமே இருக்கிறது. பாதிதான் ஆகியிருக்கிறது. இரவு முழுவதும் விழித்து வேலை செய்யலாமா, அல்லது இன்னொரு நண்பரை உதவிக்குச் சேர்த்துக்கொள்ளலாமா? ஆசிரியர் அனுமதி தந்துவிட்டார். – இறுதியாண்டு மாணவர்

பதில்: நண்பரைச் சேர்க்க வேண்டாம். காலம் தாழ்ந்த மென்பொருள் பணியில் ஆள் சேர்த்தால் அது மேலும் தாழும் என்று புரூக்ஸ் சொன்னது உங்கள் நிலைக்கு அப்படியே பொருந்தும். வருபவருக்கு எல்லாவற்றையும் விளக்க வேண்டியவர்கள், ஏற்கெனவே நேரமில்லாமல் தவிக்கும் நீங்கள்தான். விழிப்பும் முதல் இரண்டு இரவுக்குப் பின் உதவாது. தூக்கமின்றி எழுதிய வரிகளில் உள்ள பிழைகளைத் தேட மறுநாள் போய்விடும்.

குறைக்க முடிந்தது வேலையின் அளவு மட்டுமே. இன்றே அனைவரும் உட்கார்ந்து, எந்த மூன்று வசதிகள் இல்லாவிட்டால் இந்த மென்பொருளுக்குப் பொருளே இல்லை என்று கேட்டு, அவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாதி எழுதிய மற்றவற்றை, எவ்வளவு ஆசையாக எழுதியிருந்தாலும், திரையிலிருந்து நீக்கிவிடுங்கள். அழுத்தினால் ஒன்றும் நடக்காத பொத்தான் மதிப்பீட்டாளரின் கண்ணில்தான் முதலில் படும். முதல் இரண்டு வாரம் அந்த மூன்று வசதிகளுக்கு. மூன்றாவது வாரம் புதிதாக எந்த வரியும் கிடையாது. பிழை திருத்தம், அறிக்கை, செயல்விளக்க ஒத்திகை மட்டும். ஒத்திகையைக் குழுவில் அந்தப் பகுதியை எழுதாத ஒருவரைக் கொண்டு, அதை எழுதியவரின் கணினி அல்லாத வேறொரு கணினியில் நடத்துங்கள். எவற்றை விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்பதை அறிக்கையில் ஒரு பக்கம் எழுதுங்கள். வாய்மொழித் தேர்வில் அதைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள் என்று எதிர்பார்த்து, அந்தப் பக்கத்தைக் குழுவினர் அனைவரும் படித்துவிட்டுச் செல்லுங்கள்.